மஜ்னு அடையாறுக்கு வந்த வழி

1928ஆம் ஆண்டு லாகூரிலிருந்து ஒரு பெரிய ஓவிய நூல் வெளிவந்தது. பெயர் ‘முரக்கா-இ-சுக்தாய்’. மிர்ஸா காலிபின் உருதுக் கவிதைகளுக்கு அப்துர் ரகுமான் சுக்தாய் தீட்டிய ஓவியங்களின் தொகுப்பு அது. அதற்கு முகவுரை வழங்கியவர் கவிஞர் முகம்மது இக்பால். காலிபின் கவிதைக்கு இக்பாலின் முகவுரை அமைந்தது இயல்பானதே. ஆனால் ஓவியங்களைப் பற்றிய அறிமுகவுரையை எழுதியவர் ஜேம்ஸ் கசின்ஸ். பெல்ஃபாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞரான அவர், 1915இல் அன்னி பெசன்ட் அழைத்ததன் பேரில் சென்னைக்கு வந்து ‘நியூ இந்தியா’ நாளிதழில் சேர்ந்தவர். பாரசீகக் காதல் மரபில் ஊறிய ஒரு லாகூர் ஓவியரை உலகுக்கு எடுத்துச்சொல்லும் பொறுப்பு, அடையாறு பிரம்மஞான சபையின் வட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எப்படி வந்தது?

சென்னையின் ஓவிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓவியக் கல்லூரியில் தொடங்கி, கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்லி, அவர் நிறுவிய ஓவியர் குடியிருப்பான சோழமண்டலத்தில் முடிக்கிறார்கள். நடுவே ஒரு முப்பது நாற்பது ஆண்டுகள், ‘வங்க பாணியின் செல்வாக்கு’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால் லைலாவும் மஜ்னுவும், ஷீரீனும் பர்ஹாதும், உமர் கய்யாமின் மதுக்கிண்ணமும் உள்ளே இருப்பது தெரியும். இந்தக் கதைகளை வரையப்போய்க் கண்டடைந்த நீர்வண்ண முறை சென்னையில் இறங்கியபோது, கதைகள் உதிர்ந்து முறை மட்டும் தங்கியது என்பது என் துணிபு. நமக்கு அதனால் கிடைத்தது என்ன, கைநழுவியது என்ன என்று பார்ப்போம்.

சுக்தாயின் ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் முதலில் பிடிபடுவது துணி. முந்தானையும் அங்கியும் மடிப்பு மடிப்பாக, ஒரே மூச்சில் இழுத்த கோடுகளாகத் தரையில் வழிகின்றன. கண்கள் நீண்டு பாதி மூடியிருக்கும். விரல்கள் இயல்பைவிட மெலிந்திருக்கும். பின்னால் ஒரு வளைவு மாடமோ, சன்னல் சல்லடையோ, ஒற்றை விளக்கோ இருக்கும். பின்புல நிறம் சட்டென்று பிடிபடாது. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே தாளுக்குள்ளிருந்து கசிவதுபோல் நிற்கும். அந்தப் பெண் யார், எந்தக் கதையின் நாயகி, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதற்கெல்லாம் படத்தில் விடை இல்லை. கதை தெரிந்தவர்களுக்கு அது தேவையுமில்லை.

அந்தக் கதைகள் பாரசீகத்திலிருந்து வந்தவை, அல்லது அரபுப் பாலைவனத்தில் பிறந்து பாரசீகக் கவிஞர்களின் கையில் காவியமானவை. நிஜாமி கஞ்சவி 1188இல் ‘லைலா மஜ்னு’வை எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக அவர் எழுதிய ‘குஸ்ரோ ஷீரீன்’ காவியத்தில்தான் பர்ஹாத் வருகிறான். ஷீரீனுக்காக மலையைக் குடைந்து வழி வெட்டும் கல்தச்சன். அவள் இறந்துவிட்டாள் என்ற பொய்ச்செய்தியை நம்பி உயிர்விடுகிறவன். டெல்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ 1299இல் இதே லைலா கதையைத் தாமும் பாரசீகத்தில் பாடினார். அக்பருக்காக 1595இல் நிஜாமியின் ஐந்து காவியங்களும் படங்களுடன் படியெடுக்கப்பட்டன. இந்தியாவில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய கதைகள் இவை. தமிழ்ப் பாமரருக்கும் புதியவை அல்ல. பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்த ‘லைலா மஜ்னு’ 1949இல் தெலுங்கில் வந்து தமிழிலும் பேசியது. 1955இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘குலேபகாவலி’யின் மூலமும் ஒரு பாரசீக உரைநடைக் கதைதான்.

பழைய பாரசீக ஓவியர்கள் இந்தக் கதைகளை எப்படி வரைந்தார்கள்? 1488இல் பிஹ்ஸாத் வரைந்த யூசுப்-சுலைகா ஓவியம் கெய்ரோவில் இருக்கிறது. பாரசீகக் கவிஞர் சாதியின் ‘பூஸ்தான்’ பிரதி ஒன்றில் உள்ள பக்கம் அது. சுலைகா கட்டிய மாளிகை பக்கம் முழுவதையும் நிறைத்திருக்கிறது. கதவுக்குப் பின் கதவு, எல்லாம் சாத்தியிருக்கின்றன. படிக்கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக ஏறுகின்றன. உச்சியில் ஓர் அறையில் பச்சை அங்கி அணிந்த யூசுப் தப்பியோடப் பார்க்கிறார். சிவப்பு உடையில் சுலைகா கைநீட்டிப் பற்றப்பார்க்கிறாள். எத்தனை கதவுகளைத் தாண்டினால் தப்பலாம் என்று பார்வையாளரே எண்ணிவிடலாம். நிறங்கள் அடர்த்தியானவை, ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்பவை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: கட்டடத்தின் மாடங்களிலும் பட்டைகளிலும் கவிதை வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் கைகோத்துக் கதை சொல்கின்றன.

இதன் பக்கத்தில் சுக்தாயை வைத்தால் வேறுபாடு முகத்தில் அறையும். பிஹ்ஸாத் கதையைச் சொல்கிறார். கதை கேட்டு முடித்தவர் மனத்தில் எஞ்சியிருக்கும் ஏக்கத்தைச் சுக்தாய் வரைகிறார். எழுத்து போய்விட்டது, கதவுகளின் எண்ணிக்கை போய்விட்டது, நிறத்தின் எல்லையும் போய்விட்டது. பாரசீக மரபின் தொடர்ச்சி என்று பலரும் சொன்ன இந்த ஓவியம், உண்மையில் அந்த மரபைப் புரட்டிப்போட்டது. புரட்டியது தண்ணீர்.

அந்தத் தண்ணீர் முறையின் கதையில் சென்னை முதலிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலக் கலையாசிரியர் இ.பி. ஹேவல் 1884இல் இந்தியாவுக்கு வந்து முதலில் பொறுப்பேற்றது சென்னைக் கலைத்தொழிற் பள்ளியைத்தான். இன்றைய எழும்பூர் ஓவியக் கல்லூரி. இங்குள்ள கைவினைஞர்களின் வேலையைப் பார்த்துப் பழகிய பிறகு 1896இல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவனீந்திரநாத் தாகூருக்கு முகலாயச் சிற்றோவியங்களைக் காட்டியவர் அவர். அவனீந்திரர் ஷாஜகானின் கடைசி நேரத்தை வரைந்தார், புகழ் வந்தது. ஆனால் உணர்ச்சி போதவில்லை என்ற குறை அவர் மனத்தில் இருந்தது. 1903இல் யோகோயாமா தைகான், ஹிஷிடா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தைகான் ஈரத் தூரிகையால் தாளை நனைத்து நனைத்து வரைவதை அவனீந்திரர் பார்த்தார். தாமோ ஒரு படி மேலே போய், வரைந்த தாளை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்தார்.

கழுவல் என்ற இந்த முறையில் வரையும் வேலையே தலைகீழாகிறது. முதலில் மெல்லிய கோடுகளில் உருவம். அதன்மேல் வெளிறிய நிறங்கள். காய்ந்த பின் தாள் முழுவதையும் தண்ணீர்த் தட்டில் அமிழ்த்துவார்கள். தாளின் நாரில் பிடித்துக்கொண்ட நிறம் தங்கும், மேலோடு நிற்பது கரைந்து போகும். ஈரம் இருக்கும்போதே அகலத் தூரிகையால் ஒரே நிறத்தை மெல்லிய படலமாகத் தாள் முழுக்க இழுப்பார்கள். மறுபடி காய்ச்சல், மறுபடி குளியல். ஒவ்வொரு முறையும் உருவத்தின் விளிம்பு சற்று மங்கும். ஒவ்வொரு முறையும் கோட்டைத் திரும்பத் தெளிவாக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒரு குளியல் குறைந்தால் சாதாரண நீர்வண்ணப் படம், ஒரு குளியல் கூடினால் சேறு.

இந்த முறைக்கு உமர் கய்யாம் பொருத்தமாக வாய்த்தார். அவர் கவிதை கல்கத்தாவுக்கு ஏற்கெனவே சொந்தமானதுதான். எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலத்தில் தந்த ‘ருபாயியாத்’துக்கு ஆதாரமாக இருந்த ஏடுகளில் ஒன்று கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டியில் இருந்தது; அவருடைய நண்பர் கவெல் அதைப் படியெடுத்து அனுப்பிவைத்தார். அதே நகரத்தில், அரை நூற்றாண்டுக்குப் பின், அவனீந்திரர் அந்த ஆங்கில நூலுக்கு நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். லண்டனின் ‘ஸ்டூடியோ’ நிறுவனம் 1910இல் அவற்றை வெளியிட்டது. பாரசீகக் கவிஞர், ஆங்கிலப் பெயர்ப்பு, ஜப்பானிய ஈரம், வங்கத் தூரிகை. இத்தனை கை மாறிய பின்னும் அந்தப் படங்களில் ஒரு தனிக்குரல் கேட்கிறது. அந்தி மயங்கும் பழுப்பில் தனியே அமர்ந்திருக்கும் ஒருவர் பாரசீகரா, வங்காளியா என்று கேட்கத் தோன்றாது. தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ச.து.சு. யோகியும் இதே கய்யாமை நம் யாப்புக்குள் கொண்டுவந்தபோதும் அதே மாயம் நடந்தது.

இனி அடையாறு. கசின்ஸ் சென்னைக்கு வந்த சில மாதங்களில் வங்க ஓவியர்களின் படைப்புகளைக் கண்டு மயங்கினார். 1916இல் அந்தப் படங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு அயர்லாந்தின் ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதியதால் நாளிதழ் வேலை போயிற்று; மதனப்பள்ளி கல்லூரிக்குப் போனார். ஆனாலும் எழுத்தும் பேச்சும் ஓவியத்தை விடவில்லை. அவருடைய ‘இந்திய மறுமலர்ச்சி’ பற்றிய ஆங்கில நூலை 1918இல் சென்னை கணேஷ் அண்டு கோ. வெளியிட்டது. பின்னாளில் தி. நகர் தணிகாசலம் சாலையில் இருந்த அதே பதிப்பகம்தான். ஆனந்த குமாரசாமியின் கலை-சுதேசி பற்றிய நூலும் அவர்கள் வெளியீடே. தணிகாசலம் சாலையில் துணிக்கடைப் பைகளோடு நடக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்திய ஓவியத்துக்கான வாதம் அச்சேறியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1924இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் 1935இல் திருவனந்தபுரம் சித்ராலயத்திலும் ஓவியக்கூடங்கள் அமையக் கசின்ஸ் துணைநின்றார். சுக்தாயின் நூலுக்கு அவர் அறிமுகம் எழுதியது இந்த நீண்ட பயணத்தில் ஒரு நிறுத்தம்.

பாரசீகம் சென்னைக்கு அந்நியமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்த ஆற்காட்டு நவாபுகளின் அரசவை மொழி அது. 1795இல் கட்டிய திருவல்லிக்கேணி வாலாஜா மசூதியின் உள்ளே உள்ள பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் மக்கன்லால் என்ற இந்து. நவாபின் வரலாறான ‘துஸாக்-இ-வாலாஜாஹி’யை 1930களில் ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது ஹுசைன் நயினார். தமிழ் முஸ்லிம் புலவர்களோ அதற்கும் வெகுகாலம் முன்பே கிஸ்ஸா, மசலா, நாமா என்று புதிய சிற்றிலக்கிய வகைகளையே தமிழில் உண்டாக்கிவிட்டார்கள். யூசுப் நபியின் கிஸ்ஸா அவற்றில் ஒன்று. ஆகவே 1916இல் காட்சிக்கூடத்துக்கு வந்த சென்னைவாசிக்குக் கதைகள் புதியவை அல்ல; அந்த ஈரமான பாணிதான் புதிது.

அந்தப் பாணியைத் தமிழ் வாசகர் உள்வாங்க நம் அக மரபு ஒரு வழி வைத்திருந்தது. அகப்பாட்டில் தலைவனுக்குப் பெயர் கிடையாது, தலைவிக்கும் கிடையாது. முழுக் கதையும் வராது. ஒரு நொடி, ஒரு குரல், ஒரு நிலம். முன்னும் பின்னும் நாமே இட்டு நிரப்ப வேண்டும். சுக்தாயின் பெயரில்லாத பெண்ணும் அவனீந்திரரின் தனியரும் அதே இலக்கணத்தில்தான் நிற்கிறார்கள். மஜ்னு பாலையில் திரிகிறவன்; பிரிவுக்குரிய நிலம் பாலை என்பது நம் இலக்கணம். நிஜாமியின் காவியத்தில் ஓரிடம் உண்டு: லைலாவின் கூடாரத்தை ஒரு முறை நெருங்கிப் பார்ப்பதற்காக மஜ்னு தன்னைச் சங்கிலியால் கட்டி இழுத்துப்போகச் சொல்கிறான், தெருத்தெருவாகப் பிச்சைக்காரனாகப் போகிறான், சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். நாணத்தை விட்டுப் பனைமடல் குதிரையேறி ஊர்த்தெருவில் வரத் துணிகிற தலைவனைப் படித்தவர்களுக்கு இந்த மஜ்னுவைத் தனியே அறிமுகம் செய்ய வேண்டாம்.

ஆனால் ஒப்புமை ஓரளவுக்கு மேல் போகாது. அந்த எல்லையில்தான் இந்த ஓவியப் பாணியின் பலவீனம் இருக்கிறது. அகப்பாட்டின் ஏக்கம் துல்லியத்தின் மேல் நிற்கிறது. வெயிலில் கள்ளிக்காய் படாரென்று வெடிக்கிறது, அந்த ஓசைக்கு இணைப்புறாக்கள் அஞ்சிப் பறக்கின்றன என்று ஒரு புலவர் காட்டும்போது, பாலை வெறும் சோக நிறமாக நின்றுவிடுவதில்லை. அதில் செடியும் பறவையும் வெப்பமும் ஓசையும் இருக்கின்றன. கழுவல் முறையில் சுமாரான கைகளில் முதலில் கரைந்தது இந்தத் துல்லியம்தான். மரம் எந்த மரம் என்று தெரியாது. வெளிச்சம் எந்த நேரத்து வெளிச்சம் என்று தெரியாது. எல்லாப் பெண்களும் ஒரே பெண். 1930களில் ஓவியர் அம்ரிதா ஷேர்கில், அவனீந்திரர் வழிவந்த வங்கப் பள்ளியைக் கடுமையாகச் சாடியதற்குக் காரணம் இருந்தது. மங்கலும் ஆழமும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை மறந்த படங்கள் ஆயிரக்கணக்கில் இந்தியா முழுவதும் குவிந்தன.

அவனீந்திரரே இதை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று 1930இல் அவர் தீட்டிய ‘ஆயிரத்தோர் இரவுகள்’ வரிசை. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஷஹ்ரியார், ஷஹ்ரஸாத் என்று பாரசீகப் பெயர் தாங்கியவர்களின் வாயிலாக விரியும் கதைகள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கய்யாம் படங்களின் மூட்டம் இங்கே விலகியிருக்கிறது. மீன்முள் தொண்டையில் சிக்கிய கூனன் கதையில் பாக்தாத் இல்லை, கல்கத்தா சித்பூர் சாலை இருக்கிறது. மாடி வீடு, தையற்கடை, ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை. அதில் தாகூர் குடும்பத்தின் பழைய வணிக நிறுவனத்தின் பெயர். பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒட்டி வாழ்ந்த தம் தெருவுக்குள் அரபுக் கதையை இறக்கிவிட்டார். கலை வரலாற்றாசிரியர் ஆர். சிவகுமார் இந்த வரிசையைத்தான் அவனீந்திரரின் உச்சம் என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். கதை திரும்பி வந்தது. கதவுகளும் பலகைகளும் திரும்பி வந்தன. எழுத்துகூடப் படத்துக்குள் திரும்பி வந்தது.

சென்னைக்கு இந்த இரண்டாவது அவனீந்திரர் வந்து சேரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1929இல், அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக வந்துவிட்டார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான். 1957 வரை இருந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவற்றைச் செய்த கைகள் கழுவல் முறையிலும் தேர்ந்தவை. மல்யுத்தமும் வேட்டையும் தெரிந்த அந்த முரட்டு உடம்புக்காரரிடமிருந்து அத்தனை மெல்லிய நீர்வண்ணமும் வந்தது. ஆனால் அவர் மாணவர்களுக்குக் கைமாற்றியது முறையை. பாரசீகக் கதைகள் அவரோடு வண்டியேறவில்லை. கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் தாள் காய்வதே பாடு. ஐப்பசியில் ஒரு படத்தைக் கழுவி உலர்த்தி மறுபடி கழுவுவதற்குப் பொறுமை மட்டும் போதாது.

மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால் (1919–2000) அவரிடம் படித்தவர்களில் ஒருவர். முதலில் வங்க பாணியில் வரைந்து, பின் சிற்பத்துக்கு முழுமையாகத் திரும்பினார். உலோகத்திலும் சுடுமண்ணிலும் விளிம்பு கரையாது. அதே ஆண்டு பிறந்த எஸ். ராஜம் வேறு வழியில் போனார். மயிலாப்பூர் நடுத்தெருக்காரர், கர்நாடக இசைக் கலைஞர், வானொலி நிலையத்தில் பணியாற்றியவர், 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமனாக நடித்தவர், வீணை பாலசந்தரின் அண்ணன். இசை மும்மூர்த்திகளுக்கு இன்று வீட்டுச் சுவர்களிலும் சபா மேடைகளிலும் நாம் காணும் முகங்கள் அவர் தீட்டியவை. நீர்வண்ணத்தில் வரைவார், தண்ணீரில் கழுவுவார், எஞ்சியதன்மேல் மறுபடி வரைவார். அஜந்தாவின் கோடும் கல்கத்தாவின் ஈரமும் அவரிடம் சேர்ந்தன. சங்கீதம் தெரிந்தவர் என்பதால் அவருடைய பாத்திரங்கள் மங்கலில் தொலையவில்லை. வாத்தியத்தைப் பிடித்திருக்கும் கை உண்மையாக வாசிக்கத் தெரிந்த கை. அகப்பாட்டின் துல்லியம் என்று மேலே சொன்னேனே, அது இந்தப் பாணிக்குள் மறுபடி நுழைந்த இடங்களில் ராஜத்தின் ஓவியம் ஒன்று. லைலாவின் இடத்தில் தியாகராஜர் வந்து அமர்ந்தார். பக்தியின் ஏக்கத்துக்கும் காதலின் ஏக்கத்துக்கும் ஒரே நிறப்படலம் போதுமானதாக இருந்தது. சூஃபிகளுக்கு இது வியப்பாக இருந்திருக்காது, ஆண்டாளைப் படித்தவர்களுக்கும்தான்.

ராய் சௌத்ரியின் இன்னொரு மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். ஆசிரியருக்குப் பின் பள்ளியின் தலைமையை ஏற்று, 1966இல் தம் மாணவர்களோடு அடையாறுக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலத்தை நிறுவினார். அவருடைய தொடக்க கால நீர்வண்ண நிலக்காட்சிகளில் பச்சையும் தண்ணீரும் ததும்பும். 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியபோது அவர் அந்த ஈரத்தை முழுதாக விட்டுவிட்டார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், வாசிக்க முடியாத எழுத்து வரிசைகள், நடுவே பறவைகளும் மனித உருவங்களும். இதைச் சோழமண்டலத்தார் தாந்திரிக மரபோடும் நாட்டுப்புறக் குறிகளோடும் இணைத்துப் பேசுவது வழக்கம். எனக்கோ அந்தப் படங்களின் முன் நிற்கும்போது நினைவுக்கு வருவது பிஹ்ஸாதின் பக்கம்: கட்டங்களாகப் பிரிந்த தளம், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிறம், கட்டத்தின் விளிம்பெல்லாம் எழுத்து. பணிக்கர் பாரசீகத்தை நினைத்து வரையவில்லை. ஆனால் 1903இல் கல்கத்தாவின் தண்ணீர்த் தட்டில் கரைந்துபோன ஒன்றை, எழுத்தும் உருவமும் ஒரே பக்கத்தில் வாழும் உரிமையை, சென்னையில் திரும்ப எடுத்து வைத்தவர் அவர். ஒரே வேறுபாடு, இந்த எழுத்தில் படிக்கக் கதை எதுவும் இல்லை.